‘என்னிடம் ஒன்றும் இல்லை’ என்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில் துணுக்காயைச் சேர்ந்த சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். விவாகரத்து வழக்கில் கணவர் தனக்கு வருமானமே இல்லை என்கிறார், நான் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. வருமானத்தை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, முடியாவிட்டால் பேசித் தீர்ப்பதே நல்லது என்று பதில் வந்திருந்தது. அது அரைப் பதில். மீதியை, விசுவமடுவில் தையற்கடை வைத்திருக்கும் நான் எழுதுகிறேன். அந்த நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

நிரூபிக்கும் பொறுப்பு எங்களுடையதுதான். ஆனால் நிரூபிக்க வேண்டிய பத்திரங்கள் எதிராளியின் அலுமாரிக்குள் இருந்தால், அதைத் திறக்க வைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. இலங்கையின் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 94ஆம் பிரிவின் கீழ், வழக்கு விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, வருமுன் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, ஒரு தரப்பு மறுதரப்பிடம் எழுத்தில் கேள்விகள் கேட்கலாம். பதிலைச் சத்தியக்கூற்றாகவே தர வேண்டும். வழக்குக்குத் தொடர்பான எந்தெந்த ஆவணங்கள் தன் கைவசம் இருக்கின்றன, முன்பு இருந்தன என்று சத்தியம் செய்து சொல்லும்படி 102ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் 109ஆம் பிரிவு காத்திருக்கிறது: வழக்காளியின் வழக்குத் தள்ளுபடியாகலாம், எதிராளியின் எதிர்வாதம் நீக்கப்படலாம்.

எங்கள் பக்கத்து வழக்குகளில் இவற்றைப் பயன்படுத்தக் காண்பது அரிது. தவணைக்கு மேல் தவணை போய், கணவர் சாட்சிக்கூண்டில் ஏறும் நாளில்தான் முதற்கேள்வி கேட்கப்படுகிறது. அதற்குள் உழவு இயந்திரம் தம்பியின் பெயருக்கு மாறியிருக்கும், வங்கிக் கணக்கு வழித்துத் துடைக்கப்பட்டிருக்கும்.

என் வழக்கு ஒரு டிப்பர் வாகனத்தைப் பற்றியது. மணலும் கிரவலும் ஏற்றும் வாகனம். அது தன் அண்ணனுடையது, தான் அதில் நாட்கூலிச் சாரதி மட்டுமே என்று என் கணவர் வழக்குக்குத் தந்த மறுமொழியில் சொல்லியிருந்தார். என் சட்டத்தரணி ஓர் இளம் பெண். பொறுமையானவர். ‘உமது சொத்துகள் எவை?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும் என்றார். ஒரு கேள்விக்குள் ஒரு விடயந்தான் இருக்க வேண்டும், நழுவ இடம் வைக்கக் கூடாது. ஆகவே இப்படி எழுதினோம்: ‘இவ்வாகனத்தின் லீசிங் தவணைப் பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டது? முற்பணம் எவ்வளவு? அந்த முற்பணம் யாரிடமிருந்து, எத்திகதியில் வந்தது? டயர் யார் பணத்தில் வாங்கப்பட்டது? காப்புறுதி யார் பணத்தில் கட்டப்பட்டது? அண்ணனுக்குக் கணக்குக் காட்டியிருந்தால் அந்தக் கணக்கு இப்போது எங்கே இருக்கிறது?’

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எழுதியவளே நான். சீ.ஆர். கொப்பி ஒன்றில் இடப்பக்கம் லோட், இறக்கிய இடம், வாங்கிய பணம். வலப்பக்கம் டீசல், சாரதி சம்பளம், மீதி. கிழமை முடிவில் அவர் கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, கீழே கோடிழுத்து, தன் கையெழுத்தைப் போடுவார். நாட்கூலிச் சாரதி எங்காவது இன்னொரு சாரதிக்குச் சம்பளம் கொடுப்பாரா? அந்தக் கொப்பிகளையும் லீசிங் ஒப்பந்தத்தையும் வங்கிக் கூற்றுகளையும் காட்டும்படி கேட்டோம்.

‘நினைவில்லை’, ‘தெரியாது’ என்றே பெரும்பாலான பதில்கள் வந்தன. தவணைப் பணம் தன் கணக்கிலிருந்துதான் போனது, ஆனால் அண்ணன் தந்த பணம் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார். ஆவணங்கள் எல்லாம் யுத்தத்தில் அழிந்துவிட்டன என்று இன்னோர் இடத்தில்.

லீசிங் எடுத்தது 2015இல். 2009இல் யுத்தத்தின் இறுதியில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் விட்டுவிட்டு உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அந்த இழப்பைச் சொல்லி ஒருவர் சலுகை கேட்டால் எந்த நீதிமன்றமும் இரங்க வேண்டும். ஆறு வருடம் கழித்து வாங்கிய வாகனத்தின் பற்றுச்சீட்டுக்கு அதைச் சாட்டாகச் சொல்வது, அங்கே மாண்டவர்களின் மேல் ஏறி நின்று சொல்லும் பொய். இந்தச் சாட்டை எத்தனையோ பெண்கள் கேட்டு வாய்மூடி இருந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

யுத்தத்துக்கு முந்திய ஆவணங்களைக் கூட உடனே கைவிட வேண்டியதில்லை. காணி உறுதியை எழுதி முடிக்கும் சட்ட அலுவலரான நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியின் விபரத்தைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம், வாகனத்தின் பதிவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கும். கையில் கடதாசி இல்லை என்று சொன்னாலும், கேட்டுப் பெறும் அதிகாரம் ஒருவருக்கு இருந்தால் அதுவும் கணக்கில் வரும். என் வழக்கில் வங்கிக் கூற்று அப்படித்தான் வந்தது. அண்ணனிடமிருந்து வந்ததாக ஒரு வரவு கூட அதில் இல்லை. அதன் பிறகு தாபரிப்புத் தொகை, அதாவது பராமரிப்புப் பணம், பற்றிய பேச்சின் தொனியே மாறியது.

வடமாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பரம்பரையாக வந்த முதுசம் எது, சீதனம் எது, மணவாழ்வில் சம்பாதித்த தேடிய தேட்டம் எது என்பது, சொத்து எப்போது, யாருடைய பணத்தில் வந்தது என்பதில் தங்கியிருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். அதற்கு மேல் போட்ட பணத்துக்கு யாருடைய நகை அடகு போனது? அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது? அத்திவாரம் வெட்டிய நாள் முதல் இவற்றுக்குத் திகதி உண்டு. கேட்டால்தான் வெளியே வரும்.

கேட்பவரும் பதில் சொல்ல வேண்டி வரும். என் வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டுகள், நான் பிடித்த சீட்டுக் காசு, கடையின் நாள் வருமானம் எல்லாவற்றையும் நானும் சத்தியம் செய்து காட்டினேன். அது நியாயம்தான். வசைபாடவும் ஊர்க்கதை கிளறவும் இந்தக் கேள்விகளைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: வழக்குக்குத் தொடர்பில்லாத, இழிவான கேள்விக்கு மறுதரப்பு மறுப்புத் தெரிவிக்கலாம். கிடைத்த வாய்ப்பு வீணாகும்.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் வழக்காடிய என் சித்தியின் மகள் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே சொத்துப் பங்கு கேட்கும் வழக்கில் இரு தரப்பும் 13.1 என்ற படிவத்தில் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியம் செய்து தர வேண்டுமாம். தாபரிப்பும் கேட்டால் மூன்று வருட வரி மதிப்பீட்டுக் கடிதங்களும் வேண்டும். யாரும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இங்கே நாங்கள்தான் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதையும் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இதனால் தவணை கூடும் என்று சில சட்டத்தரணிகள் சொல்வார்கள். கூடும்தான். வருமானம் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு சிறு தொகைக்குத் தலையாட்டிவிட்டு, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் வரை அந்தத் தொகையோடு மல்லுக்கட்டுவதைவிட அந்தத் தவணைகள் மேல். வசதியற்றவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் நடமாடும் சேவைகள் வன்னிக் கிராமங்களுக்கு வரும்போது, இப்படியான மாதிரிக் கேள்விகளை ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 94 முதல் 109 வரையான பிரிவுகளைத் தாங்களும் சட்டப் பகுதியில் எளிய தமிழில் வெளியிட வேண்டும்.

துணுக்காய்ச் சகோதரிக்கு: வழக்கு விளக்கத்துக்கு நியமிக்கப்படுமுன் உங்கள் சட்டத்தரணியிடம் இந்தப் பிரிவுகளைச் சொல்லுங்கள். கணவர் தொழில் செய்ததைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த திகதி, இடம், பெயர் எல்லாவற்றையும் இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
விசுவமடு.