பழம் இல்லாத ஒரு பை (pie)

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டரில் இன்னும் குளிர் விடவில்லை. மகள் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அடுப்பங்கரைக்குள் புகுந்துவிட்டேன். சிரிக்காதே! பை என்றால் மாவு ஓட்டுக்குள் வழக்கமாகப் பழம் வைத்துச் சுடும் இனிப்பு. இங்கே ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்காரர்கள் செய்யும் ஷூஃப்ளை பை எனக்கு இப்போது நன்றாகவே வருகிறது. குதிரை வண்டியில் போகிறவர்கள், வீட்டுக்கு மின்கம்பி இழுக்காதவர்கள் என்று முன்பு எழுதினேனே, அவர்கள்தான். அவர்கள் மட்டும் என்றில்லை, பென்சில்வேனியாவின் பழைய ஜெர்மன் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது சொந்தம்.

இதில் பழமே கிடையாது. குளிர்காலக் கடைசியில், சேமித்த ஆப்பிள் தீர்ந்த பிறகும் வீட்டில் மிஞ்சியிருக்கும் மாவு, கொழுப்பு, மொலாசஸ் (கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு), அவ்வளவுதான். 1876இல் அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டையொட்டி வந்த ஒரு கேக்கிலிருந்து இது பிறந்தது என்பார்கள். கையில் பிடித்துச் சாப்பிட வசதியாக அடியில் மாவு ஓடு பிறகுதான் சேர்ந்ததாம். காலைக் காபியோடு இதைச் சாப்பிடுகிற பழக்கமும் கேக்காக இருந்த காலத்து மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேதியியல் வாத்தியாரான உனக்குப் பிடிக்கிற இடம் இனிமேல்தான். முக்கால் கப் மொலாசஸில் முக்கால் கப் கொதிநீர் ஊற்றி, அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் புஸ்ஸென்று பொங்கும். மொலாசஸின் அமிலமே போதும், பேக்கிங் பவுடர் தேவையில்லை. கொஞ்சம் ஆறியதும் ஒரு முட்டையை அடித்து ஊற்று. ரொம்ப நேரம் ஆறவிட்டால் நுரை வீணாகிவிடும். ஒன்றரை கப் மைதா, அரை கப் பிரவுன் சுகர், கால் கப் குளிர்ந்த வெண்ணெய் மூன்றையும் புட்டு மாவு போல விரல் நுனியால் பிசறி வைத்துக்கொள். 9 அங்குலத் தட்டில் மாவு ஓட்டைப் பரப்பி, பாகை ஊற்றி, மேலே இந்த உதிரியைத் தூவி, 190 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 40 நிமிடம் வைத்தால் வெந்துவிடும்.

உதிரி முழுவதையும் மேலே தூவினால் அடியில் பாகு கொழகொழவென்று நிற்கும். பாதியைப் பாகில் கலந்துவிட்டால் கேக் மாதிரி உலர்ந்துவிடும். ஊரே இதில் இரண்டு கட்சி. மாப்பிள்ளை உலர் கட்சி, நான் ஈரக் கட்சி. உலர்ந்ததைச் சாப்பிடுவதற்குப் பேசாமல் கேக்கே சுட்டுவிடலாமே!

மொலாசஸில் பிளாக்ஸ்டிராப் வகை மட்டும் வேண்டாம், ஒரே கசப்பு. மாட்டுத் தீவனத்துக்கு விற்கிற மொலாசஸையும் வாங்கிவிடாதே. உன் வீட்டில் முட்டை நுழையாது என்று தெரியும். பழைய செய்முறைகள் பலவற்றில் முட்டையே கிடையாது, தைரியமாகச் செய். ஆனால் உன் சர்க்கரை அளவுக்கு ஒரு சின்னத் துண்டுக்கு மேல் கூடாது. மீதியைப் பேத்திக்குக் கொடு.

அன்புடன்,
சுந்தரம்