பரணிலிருந்து இறங்கிய பாத்திரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு விசேஷங்களுக்கு வெளியில் சாப்பாடு சொல்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐம்பது பேருக்கு வீட்டிலேயே சமைப்பதெல்லாம் இனி நடக்காத காரியம் என்று அதில் எழுதியிருந்தார்கள். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வந்தால் சரி, ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வளைகாப்பு, காதுகுத்து, பெரியவர்களின் பிறந்தநாள் போன்றவற்றை வீட்டில் செய்ய முடியும். கடந்த தை மாதம் என் மகளின் வளைகாப்பை நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாற்பத்தைந்து பேர் சாப்பிட்டார்கள்.

முதல் வேலையாகப் பரணில் ஏறினோம். என் மாமியார் காலத்துத் தவலை, உருளி, வெண்கலப் பானை, பெரிய தாம்பாளம் எல்லாம் பழைய வேட்டியில் சுற்றியபடி கிடந்தன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கவே இரண்டு நாள் ஆனது. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால் தவலைக்கும் உருளிக்கும் ஈயம் பூச வேண்டியிருந்தது. முன்பெல்லாம் தெருவிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது பாத்திரக் கடையில் விசாரித்து ஆளைத் தேடிப் போனோம். பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருகவிட்டுத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தார். உட்புறம் வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. ஈயம் பூசக் கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் விஷம்.

சமையலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டு வழக்கம் ஏழு வகை சாதம்: சர்க்கரைப் பொங்கல், புளி, எலுமிச்சை, தேங்காய், எள், கறிவேப்பிலை, தயிர். ஏழுக்கும் சேர்த்து ஐந்து கிலோ அரிசி போதுமானதாக இருந்தது. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே என் நாத்தனார் காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டார். எள்ளுப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் என் அக்கா பொறுப்பு. விசேஷத்தன்று காலையில் சாதத்தை வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்துக் கிளறியதுதான் பாக்கி வேலை. தேங்காய் துருவியது, எலுமிச்சம்பழம் பிழிந்தது எல்லாம் மாப்பிள்ளையும் அவருடைய தம்பியும். யாரும் நாளெல்லாம் அடுப்படியில் நிற்கவில்லை.

ரசம் மட்டும் ஈயச்சொம்பில். அதன் வாசனையை எவர்சில்வரில் கொண்டுவர முடியாது. ஆனால் பழக்கம் இல்லாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தீயையே மூட்ட வேண்டும்.

கூடத்தில் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. அதன் பக்கத்தில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் சொம்பு. பந்தியில் நுனி இலை, நுனி இடப்பக்கம் இருக்கும்படி. மாலை டிபனுக்கு என் அம்மாவின் சீர் எவர்சில்வர் தட்டுகளை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். என் மகள் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பாட்டிக்கு அப்போது என்ன வயது என்று கேட்டாள். பத்தொன்பது என்று சொன்னேன். அன்று அவள் அந்தத் தட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் உறவினர் வீட்டுக் காதுகுத்தில், வாழை இலை மாதிரி பச்சை நிறத்தில் அச்சடித்த வழவழப்பான தாளை விரித்து, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றினார்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், தெர்மாகோல் தட்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் உட்பட 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. திருவையாற்றுப் பக்கம் இவ்வளவு வாழை விளைகிற மாவட்டத்தில் இலைக்குப் பதில் தாளா? முகூர்த்த நாளில் இலை விலை ஏறும், உண்மைதான். நாங்களும் அன்று கூடுதலாகத்தான் கொடுத்தோம். ஆனால் பந்தி முடிந்ததும் அத்தனை இலையும் பக்கத்து வீட்டு மாடுகளுக்குப் போனது. குப்பை என்று வெளியே வைக்க எங்களிடம் அநேகமாக எதுவும் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்புகள் எல்லாம் நான்கு பேருக்கான அளவில்தான் வருகின்றன. இளையவர்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஐம்பது பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி என்று கைக்கணக்கில் வைத்திருக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு மாதம் ஒரு பக்கம் வெளியிடுங்கள். தொடக்கமாக, என் மாமியாரின் புளிக்காய்ச்சல் அளவைத் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்