மூட்டையைப் பிரித்துக் கட்டி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் சேர்க்கைக்காக சேலத்திலிருந்து லண்டன், பெர்லின், மான்ட்ரியல் என்று பிள்ளைகள் கிளம்பும் பருவத்தில், இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் ஒரே கவலைதான் பேசப்படுகிறது: "போற எடத்துல புள்ள தீனை (மார்க்கத்தை) விட்டுருமோ?" தொழுகை விரிப்பையும் ஊறுகாயையும் பருப்புப்பொடியையும் பெட்டியில் வைத்து, துஆ செய்து அனுப்பிவிடுகிறோம். அப்படிக் கிளம்பும் மாணவர்களுக்கு ஜமாஅத்தில் வழிகாட்டுகிற எங்கள் கணிப்பில், கோளாறு அங்கே போய்த் தொடங்குவதில்லை. மார்க்கக் கடமை, மத்ஹபுச் சட்டம் (ஹனஃபி, ஷாஃபி போன்ற சட்ட மரபு), குடும்ப வழக்கம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘இதுதான் இஸ்லாம்’ என்று பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். அங்கே யாராவது ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினால் மொத்தமும் சிதறிவிடுகிறது.

தொழுகை நேரத்தையே பாருங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டி சேலத்தில் லுஹர் (நண்பகல் தொழுகை) 12.15-க்குத் தொடங்குகிறது. ஹனஃபி கணக்குப்படி அஸர் (பிற்பகல் தொழுகை) 4.20-ஐ ஒட்டி வரும்; மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) 6 மணி. லுஹர் தொழ நான்கு மணி நேரம் கையில் இருக்கிறது. அதே நாளில் லண்டனில் லுஹர் 12 மணி, ஷாஃபி அஸர் 1.40, ஹனஃபி அஸர் 2.10, சூரியன் மறைவது 3.53. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை வகுப்பு என்றால் ஹனஃபிப் பிள்ளைக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். ஷாஃபிப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. ‘வீட்டுக்கு வந்து தொழுதுக்கலாம்’ என்று இங்கே பழகிய பிள்ளைக்கு அங்கே இந்த மூன்று வக்தும் (தொழுகை நேரமும்) கல்லூரி வாசலுக்குள்ளேயே கழிந்துவிடும். ஒரு வாரம் களா (தவறியதைப் பிறகு தொழுவது), ஒரு மாதம் களா, அப்புறம் களாவும் இல்லை. ஈமான் குறைந்து தொழுகையை விடுகிறவர்களைவிட, கால அட்டவணை பிடிபடாமல் விடுகிறவர்களே அதிகம் என்று நினைக்கிறோம்.

இதில் பெற்றோரின் பங்கும் உண்டு. குளிர்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இரவுச் சாப்பாடு முடித்து 9.20-க்கு அம்மா போன் போட்டு "தொழுதியாப்பா?" என்று கேட்கும் நிமிடம்தான் அங்கே மஃரிப் நெருங்குகிற நேரம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஹனஃபிப் பிள்ளை வகுப்புக்கு முன்பே ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்துகொண்டால் 2 மணிக்கு லுஹர், 2.15-க்கு அஸர் என்று ஒரே ஒளுவில் இரண்டையும் அதனதன் வக்திலேயே முடிக்கலாம். ஹனஃபி சட்டத்துக்கு இதில் மாறுபாடு இல்லை. அலுவலகக் கழிப்பறையில் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைக்கக் கூச்சப்பட்டே ஒளுவைத் தள்ளிப்போடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு குஃப் எனப்படும் தோல் காலுறை போதும். முழு ஒளுவோடு அதை அணிந்துகொண்டால், அதன் பின் முதன்முதலில் ஒளு முறிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் காலைக் கழுவ வேண்டாம். ஈரக்கையால் மேலே தடவினால் போதும். பயணியாக இருந்தால் 72 மணி நேரம். தடவும் சலுகையை நான்கு மத்ஹபும் ஏற்கின்றன; மாலிக்கியில் மட்டும் இந்தக் கால வரம்பு இல்லை. கணுக்கால் மறைய வேண்டும். சாதாரண நூல் சாக்ஸ் ஹனஃபியிலும் ஷாஃபியிலும் செல்லாது, அதில்தான் பலர் தவறுகிறார்கள். மதரஸாவில் மஸஹுப் பாடம் (இப்படித் தடவும் சட்டம்) ஓதியும் குஃப் எப்படி இருக்கும் என்றே பார்க்காத பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். வெயிலூரில் அதற்குத் தேவை வரவில்லை. ஏற்காட்டுக் குளிரில்கூட யாரும் அதைத் தேடியதில்லை.

கோடையில் சிக்கல் வேறு. மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி தாண்டும் வரை லண்டனில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்குவதே இல்லை. இரவு முழுக்க வெளிச்சத்தின் சாயல் நிற்கும். இஷா (அந்தி வெளிச்சம் மறைந்தபின் வரும் இரவுத் தொழுகை) எப்போது என்பதற்கு ஒரு பள்ளிவாசல் இரவை ஏழாகப் பிரித்துக் கணக்குப் போடும். இன்னொன்று வேறு முறை வைத்திருக்கும். ஒரே ஊரில் ஒரு மணி நேரம்கூட வித்தியாசப்படும். போன் செயலியில் கணக்கீட்டு முறையும் அஸர் மத்ஹபும் தனித்தனியாகத் தேர்வு செய்ய வேண்டியவை என்பது தெரியாமல், நண்பனின் செயலியும் தன் செயலியும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குழம்பி, ‘இவங்களுக்கே தெரியல’ என்று கைவிடுவது நடக்கிறது. போன முதல் வாரமே, நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளிவாசலின் அச்சிட்ட அட்டவணையை வாங்கி வருஷம் முழுக்க அதையே பின்பற்றச் சொல்லுங்கள். பிறை விஷயமும் அப்படியே. ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் வரும். விடுப்புக் கேட்கும்போது இரண்டு தேதியையும் எழுதிக் கேட்க வேண்டும். தேர்வு நாள் குறிக்கும் முன் மத அனுசரிப்புக்கான படிவம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பருவத் தொடக்கத்தில் கொடுக்காவிட்டால் பிறகு பயனில்லை.

இந்த அஸர் வித்தியாசத்திலேயே சிந்தனைச் சுதந்திரத்தின் பாடமும் இருக்கிறது. நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் இரு மடங்காகும்போது அஸர் என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் ஒரு மடங்கு என்றார்கள். ஆசிரியரோடு கருத்து மாறுபட்ட அவர்கள் மத்ஹபை விட்டு வெளியேறவும் இல்லை, வெளியேற்றப்படவும் இல்லை. இமாம் ஷாஃபி பக்தாதில் சொன்ன பல சட்டங்களை எகிப்துக்குப் போன பிறகு மாற்றிச் சொன்னார். பழைய சொல், புதிய சொல் என்று நூல்களில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவும் நம் மதரஸா பாடத்திட்டத்துக்குள் இருக்கும்போது, "ஏன்?" என்று கேட்ட பிள்ளையை மட்டும் "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்குவது எந்த மத்ஹபில் இருக்கிறது?

பெற்றோர் பயப்படுவது தொழுகையை விட்டுவிடும் பிள்ளையை நினைத்து மட்டும்தான். இன்னொரு வகையும் உண்டு. முதல் விடுமுறையில் திரும்பி வந்து, நன்னி (பாட்டி) ஓதும் பாத்திஹாவும் ரபீயுல் அவ்வல் மவ்லிதும் (நபி புகழ்ப்பாடல்) தர்கா ஜியாரத்தும் மொத்தமாக வழிகேடு என்று வீட்டில் சண்டை போடும் பிள்ளை. அத்தாவின் சொல்லுக்குப் பதிலாக அறைத்தோழனின் சொல்லையோ யூடியூப் பேச்சாளரின் சொல்லையோ எடுத்து வைத்துக்கொண்டு அதைச் சுயசிந்தனை என்கிறான். எஜமானை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதான். மவ்லிது ஃபர்ளு (கட்டாயக் கடமை) அல்ல, பெரியவர்கள் நபிநேசத்தில் ஓதி வந்த வழக்கம், அதில் ஆலிம்களுக்குள் இரு கருத்து உண்டு என்று நாமே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டைக்கு வேலையே இல்லை. இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டாம், ஆனாலும் உலக விஷயத்தில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்கிறது குர்ஆன் 31:15. அவ்வளவு பெரிய விஷயத்திலேயே உறவை அறுக்கச் சொல்லவில்லை என்றால், பாத்திஹா ஓதிய நெய்ச்சோறு சாப்பிடலாமா என்பதற்காக நன்னியோடு பேசாமல் இருப்பதற்கு என்ன ஆதாரம்?

திருமணத்தில்தான் நஷ்டம் பெரிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். சேலம் பள்ளிவாசல் தஃப்தரில் (பதிவேட்டில்) எழுதிய நிக்காஹ் இந்தியச் சட்டப்படி செல்லும், ஆகவே இங்கிலாந்தும் அதைத் திருமணமாக ஏற்கும். ஆனால் அரசுப் பதிவு இல்லாமல் பர்மிங்ஹாமில் நிக்காஹ் மட்டும் ஓதினால் அங்குள்ள சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவி இல்லை. 1998-ல் லண்டனில் நிக்காஹ் மட்டும் செய்து நான்கு பிள்ளைகள் பெற்ற தம்பதியின் வழக்கில் 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பிரிந்தால் சொத்தில் பங்கு கேட்க மனைவிக்கு உரிய வழி அடைபடும். கணவர் உயில் எழுதாமல் இறந்தால், சட்டப்படியான மனைவிக்குப் பிள்ளைகள் இருந்தாலும் முதலில் 3,22,000 பவுண்டு வரை சேரும். நிக்காஹ் மட்டும் செய்தவருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. ‘அல்லாஹ்வுக்கு முன் முடிந்தது, காகிதம் எதற்கு’ என்று அங்கே ஓதிவைக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பெண்வீட்டார் இதற்கு ஒப்பக்கூடாது. அங்கே செய்வதென்றால் பதிவு அலுவலகத்தில் குறைந்தது 28 நாள் முன்னறிவிப்பு. விசாவில் இருப்பவர்களுக்கு அது 70 நாளாகவும் நீளலாம். இங்கே செய்தால் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அந்தச் சான்றுக்கு மாநில அரசின் ஒப்பமும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டிலும் (வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்றொப்பம்) வாங்கிவைத்தால் அதை ஏற்கும் நாடுகளின் அதிகாரிகளிடம் காட்டலாம்; எல்லா நாடும் ஏற்பதில்லை.

அங்கே நிரந்தரமாகக் குடியேறிய மாப்பிள்ளை என்றால் சம்பளத்தையும் கேளுங்கள். மனைவியை அழைக்க 2024 ஏப்ரலிலிருந்து பிரிட்டன் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு கேட்கிறது. அதைக் கேட்காமல் தேதி குறித்து, நிக்காஹ் முடிந்த மகள் இங்கே வருஷக்கணக்கில் காத்திருக்கும்படி ஆகிவிடும்.

மகளின் சம்மதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தன்று வக்கீலும் (பெண்ணின் சார்பாளர்) சாட்சிகளும் போய்க் கேட்பதும், அவள் தலையசைப்பதும் சடங்காகிவிட்டது. தகப்பனார் தன் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்ததாக கன்ஸா பின்த் கிதாம் முறையிட்டபோது நபியவர்கள் அந்த மணத்தை ரத்து செய்தது புகாரியில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2014-லிருந்து கட்டாயத் திருமணம் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. ‘விடுமுறைக்கு வா’ என்று அழைத்து, சம்மதமில்லாமல் இங்கே நிக்காஹ் வைப்பதும் அதில் அடங்கும். மாதங்களுக்கு முன்பே, அவள் தனியாக இருக்கும்போது கேளுங்கள். தலாக்கைச் சொல்லும் உரிமையை மனைவிக்கு ஒப்படைக்கும் தஃப்வீள் நிபந்தனையை நிக்காஹ் பதிவிலேயே எழுத ஹனஃபி சட்டம் இடம் தருகிறது. எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். எழுதக்கூடாது என்று ஆதாரம் காட்டியவர் யாருமில்லை.

படிப்புச் செலவுக்கு வட்டிக் கடன் கூடாது என்று பிள்ளை சொன்னால் கோபப்படாமல் கணக்குப் போடுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சிலவும் கட்டணம் வாங்குகின்றன. விசாவுக்காக 2024 செப்டம்பரிலிருந்து முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும், ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அது மாதம் 992 யூரோவாகப் பிள்ளைக்கே திரும்பி வரும். கல்யாணத்துக்கு என்று வைத்த நகையிலும் உறவினர் தரும் கர்ளன் ஹஸனாவிலும் (வட்டியில்லாக் கடன்) இதைத் திரட்ட முடிகிற குடும்பங்கள் சேலத்தில் இருக்கின்றன. சரி, முடியாத குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞர்) நேரில் போய்த் தங்கள் நிலைமையைச் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும்.

முக்காடு விஷயத்தில் ‘வெளிநாடு’ என்று ஒரே சட்டம் கிடையாது. பிரான்ஸின் 2004 சட்டம் அரசுப் பள்ளிகளுக்குத்தான், பல்கலைக்கழகத்துக்கு அல்ல. கியூபெக்கில் 2019 சட்டப்படி அரசுப் பள்ளி ஆசிரியை முக்காடு அணிய முடியாது. அங்கே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு முதலிலேயே இது தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டில் ஜெலட்டின், இ120, இ471 இந்த மூன்றையும் உறையில் பார்க்கப் பழகினால் போதும்: இ120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, இ471 தாவரக் கொழுப்பிலும் வரும், விலங்குக் கொழுப்பிலும் வரும்.

சேலம் ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். ஜூலையில் ஏதாவது ஒரு ஞாயிறு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், கிளம்பும் பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஹஜ்ரத்தோடு, அங்கே படித்துத் திரும்பிய ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருக்கட்டும். கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். பெற்றோர் எதிரில் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஒரு ஜோடி குஃபும் கொண்டு வாருங்கள், எப்படித் தடவுவது என்று செய்து காட்ட.

இப்படிக்கு,
கோட்டைப் பகுதி வாசகர்கள் சிலர்,
சேலம்.