மிர் சண்டையில் பிரெஞ்சுக்காரர் எங்கே?

அன்புள்ள மருமகனுக்கு,

நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி நீ வரைந்து அனுப்பிய வரைபடம் கிடைத்தது. நேமன் ஆற்றைத் தாண்டி வரும் நீல அம்புகளும் பின்வாங்கும் சிவப்பு அம்புகளும் பார்க்க அழகாக இருக்கின்றன. பெலாரூஸ் பக்கம் வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. "மிர், ஜூலை 9–10: சிறு குதிரைப்படை மோதல், பிரெஞ்சுத் தோல்வி" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். 'சிறு' என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. 'பிரெஞ்சு' என்பதுதான் உறுத்துகிறது. பலரும் இப்படியே எழுதுகிறார்கள் என்பதால் உனக்குச் சொல்ல வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்த வாரம் ரஷ்யத் தளபதி பக்ரத்தியோனின் படை இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டிருந்தது. வடக்கே நெப்போலியனின் தளபதி தாவூ ஜூலை 8 அன்றே மின்ஸ்கைப் பிடித்துவிட்டார். மேற்கே கிரோட்னோவிலிருந்து நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோம் வந்துகொண்டிருந்தார். நடந்து நடந்து களைத்த வீரர்கள் நெஸ்விஷ் நகரில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அவகாசம் வாங்கித் தரும் வேலை, மிர் சாலையில் காவல் நின்ற பிளாட்டோவுக்கு வந்தது. ரஷ்யாவுக்காகப் போரிட்ட கொசாக் குதிரைவீரர்களின் தலைவர் அவர்.

அவர் போட்ட திட்டத்துக்கு டான் ஆற்றுக் கொசாக்குகள் வைத்திருந்த பெயர் 'வென்டர்'. அது மீன் பிடிக்கும் கூடு. நம் ஊர்ப் பறியை நினைத்துக்கொள்: வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல், நுழைந்த மீனுக்குத் திரும்ப வழியில்லை. ஊருக்குள் கண்ணில் படும்படி கொஞ்சம் பேர், ஊரைத் தாண்டிச் சாலையின் இருபுறமும் மறைவில் மற்றவர்கள். எதிரி வந்ததும் முன்னால் நிற்பவர்கள் ஓட வேண்டும், அதுவும் பிடித்துவிடலாம் என்று துரத்துகிறவனுக்கு ஆசை வரும் தூரத்தில். ஒழுங்குபட்ட குதிரைப்படையின் பலமே முழங்காலோடு முழங்கால் உரச வரிசை கலையாமல் பாய்வதுதான். நாலு கால் பாய்ச்சலில் துரத்தும்போது அந்த வரிசை தானாகவே கலைந்துவிடும். ஓடியவர்கள் திரும்புவதும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஈட்டிகள் பாய்வதும் அந்த நொடியில்தான்.

9-ஆம் தேதி ஜெரோம் பக்கத்துத் தளபதி துர்னோவின் ஈட்டிக் குதிரைப்படை இந்தப் பறிக்குள் அப்படியே நுழைந்தது. மறுநாள் அவருக்கு மேலிருந்த ரோஜ்னியெட்ஸ்கி தன் படைப்பிரிவோடு வந்தார். முதல் நாள் பாடத்தை அவர் மறக்கவில்லை என்றாலும், மிருக்குத் தெற்கே சிமாகோவோ கிராமத்தருகே வசமாக மாட்டிக்கொண்டார். பிளாட்டோவுக்குத் துணையாக வசீல்சிக்கோவ் ஒழுங்குபட்ட ரஷ்யக் குதிரைப்படையைக் கொண்டுவந்திருந்தார். மணிக்கணக்கில் நீண்ட சண்டையை, பக்கவாட்டில் வந்து மோதிய குத்தெய்னிக்கோவின் கொசாக்குகள் முடித்துவைத்தார்கள். (ரஷ்ய ஆவணங்களில் ஜூன் 27, 28 என்று இருக்கும். பழைய நாட்காட்டி, பதறாதே.)

இப்போது பெயர்களை மறுபடி படி. துர்னோ, ரோஜ்னியெட்ஸ்கி: இருவரும் போலந்துக்காரர்கள். அவர்களுடைய வீரர்களும் அப்படியே. குதிரைப்படைத் தளபதி லதூர்-மோபூர் பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் அவரிடம் இருந்த கனரகக் குதிரைப்பிரிவில்கூட சாக்ஸனியரும் வெஸ்ட்பாலியரும் போலந்தியரும்தான் நிரம்பியிருந்தார்கள். உன் நீல அம்புக்குள் ஒரு பிரெஞ்சு வீரனைக் கண்டுபிடிக்க விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும்.

சிவப்பு மட்டும் ஒழுங்கா? பிளாட்டோவின் கீழே கொசாக்குகளோடு கல்மிக்குகளும் கிரிமியத் தாத்தார்களும் பாஷ்கீர்களும் இருந்தார்கள். வசீல்சிக்கோவ் கொண்டுவந்தவற்றில் ஒன்றின் பெயர் லிதுவேனிய உலான் படை. உலான் என்றால் ஈட்டி ஏந்திய குதிரைவீரன். ஆண் உடையில் அலெக்சாந்த்ரோவ் என்ற பெயரோடு சேர்ந்திருந்த நதேழ்தா துரோவா என்ற பெண் அந்த ஆண்டு பணியாற்றியது அந்தப் படையில்தான். எதிரே வந்ததும் உலான், இங்கே நின்றதும் உலான்.

போலந்து-லிதுவேனிய அரசை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டு முடித்தது 1795-இல். மிர் அந்த அரசுக்குள் இருந்த ஊர். பறிக்குள் பாய்ந்த போலந்தியர்கள், தங்கள் அப்பாக்கள் காலத்தில் தங்களுடையதாக இருந்த மண்ணைத் திரும்பப் பெறப் போகிறோம் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். அந்தத் துடிப்பே அவர்களை அவ்வளவு வேகமாகத் துரத்த வைத்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே, வரைபடத்தில் சேர்த்துவிடாதே.

சண்டையின் பலனைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்ரத்தியோன் நெஸ்விஷிலிருந்து தப்பித் தெற்கே நகர்ந்தார். 14-ஆம் தேதி ரொமனோவோவில் பிளாட்டோவ் மறுபடியும் ஒரு போலந்துக் குதிரைப்படையை அடித்தார். ஜெரோம், தன்னைத் தாவூவின் கீழ் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிட்டார். ஆகஸ்ட் 3 அன்று ஸ்மோலென்ஸ்கில் பக்ரத்தியோனின் படையும் இன்னொரு ரஷ்யப் படையும் சேர்ந்துகொண்டன.

மிரில் இருக்கும் கோட்டையையும் நீ ஒரு சதுரமாகப் போட்டிருக்கிறாய். அது ராட்ஜிவில் என்ற பிரபுக் குடும்பத்துச் சொத்தாக இருந்தது. அப்போதைய வாரிசு டொமினிக், நெப்போலியன் பக்கம் உலான் படைத் தலைவராகப் போய் 1813-இல் ஹனாவ் போரில் பட்ட காயத்தால் இறந்தார். அவருடைய மகள் ஸ்டெஃபானியா 1828-இல் லேவ் விட்கென்ஸ்டைன் என்பவரை மணந்தாள். மாப்பிள்ளையின் அப்பா யார் தெரியுமா? 1812-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சாலையை நெப்போலியனிடமிருந்து காத்த ரஷ்யத் தளபதி. சொத்தோடு கோட்டையும் அந்தக் குடும்பத்துக்குப் போய்விட்டது.

இன்னொன்று: சிமாகோவோவை நீ மிருக்கு வடக்கே வைத்திருக்கிறாய். தெற்கே, நெஸ்விஷ் போகும் பக்கம் இறக்கிவிட்டு, நிறங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
மாமா