கச்சான் காத்துக்குள்ள பூவக் காத்துத் தந்த ஆக்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு நடந்த என்ட பிரெண்ட்ட கலியாணத்து மணவறைப் பூச்சோடினை போட்டோவப் பாத்துட்டு நிறையப் பேர் மெசேஜ் போட்டிருக்கீங்க, வடிவா இருக்கு, நீயா செய்த எண்டெல்லாம், உண்மையா சந்தோசமா இருக்கு. ஆனா எல்லாரும் என்ட பேர மட்டும் டேக் பண்ணி வச்சிருக்கிறதப் பாக்க ஒரு மாதிரியாவும் இருக்கு, ஏனெண்டா அந்தப் பூவுல அரைவாசி நான் கையில எடுக்க முதலே வேற ஆக்கள் பாத்துப் பாத்து உயிரோட கொண்டுவந்து சேத்தது. அவங்கள ஒருத்தரும் போட்டோவுல காணேல்ல. அதால ஒவ்வொராளா சொல்லப்போறன், நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

திருகோணமலை ஆக்களுக்கு ஆவணிக் கலியாணத்தப் பத்தி விளக்கத் தேவையில்ல. ஆடி முழுக்க ஒருத்தரும் தாலி கட்ட மாட்டாங்க, ஆவணி பிறந்ததும் ஒரே முகூர்த்தத்துல ஊர் முழுக்க மேளம் கேக்கும், பூ விலையும் ஏறும். கச்சானும் அந்த நேரம் அடங்கியிருக்காது. மழையெல்லாம் மலைநாட்டுக்கு அங்கால கொட்டி முடிச்சிட்டு, வெறும் சூட்டோட இஞ்சால இறங்குற காத்து அது. தோய்ச்ச உடுப்புக்கு அருமையான காத்து, ரோசாப்பூவுக்கு யமன்.

முதல் நன்றி கண்டியில பூக்கடை வச்சிருக்கிற அக்காவுக்கு. அவவுக்குத் தமிழ் அரைவாசி, எனக்கு சிங்களம் அரைவாசி, போன்ல ரெண்டு பேரும் கதைச்சு முடியக்குள்ள பக்கத்துல நிக்கிற ஆக்கள் சிரிப்பாங்க, ஆனா இதுவரைக்கும் கேட்ட பூ மாறி வந்ததில்ல. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துல இருந்து வாற பூவுல இறுக்கமான மொட்ட ஒதுக்கிட்டு, வெளியிதழ் லேசா விலகின ரோசாவாப் பாத்து எடுத்து வைப்பா. இறுக்கின மொட்டு எங்கட வெயிலுக்கு விரியாமலே தலையத் தொங்கப் போட்டுடும் எண்டு அவவுக்குத் தெரியும். "நங்கி (சிங்களத்துல தங்கச்சி), ஞாயிறு தானே கலியாணம், அப்ப இது சரி" எண்டு கணக்குப் பாத்துச் சொல்லுவா.

அங்க இருந்து பெட்டி பஸ்ல தான் வரும், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் எண்டு முழு ரோட்டும் தாண்டி. அந்த பஸ் கொண்டக்டர் அண்ணாக்கு நான் எத்தன தரம் நன்றி சொன்னாலும் காணாது. பாசல் எண்டா கீழ சாமான் அடுக்கிற இடத்துல போட்டுட்டுப் போறது தான் வழக்கம், அங்க இருக்கிற சூட்டுக்கு கார்னேசன் அவிஞ்சு போயிடும். அவர் கடைசி சீட்டுக்குப் பின்னால நிழல்ல வச்சு, மேல ஒருத்தரும் பேக் வைக்காமப் பாத்து, கந்தளாய் வந்ததும் ஒரு மிஸ்ட் கோல் அடிப்பார். அந்த மிஸ்ட் கோல் வந்தா நான் ஓட்டோ அண்ணாவ எழுப்பணும்.

ஓட்டோ அண்ணாட கதை வேற. 2022ல பெற்றோல் இல்லாமக் கிடந்தது ஞாபகம் இருக்கும் தானே, பெற்றோலப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் கோட் வந்த புதுசுல ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர். அந்த 5 லீட்டர்ல தான் அவர்ட வீட்டு அடுப்பு எரிஞ்சது. அப்படி இருந்தும் என்ட இன்னொரு பிரெண்ட்ட கலியாண எழுத்துக்கு (பதிவுக்கு) நிலாவெளி வரைக்கும் பூ ஏத்திக்கொண்டு போய் இறக்கிட்டு, காசு தரப்போக "கலியாணத்துக்குத் தானே பிள்ள" எண்டுட்டுப் போனவர். நான் அத மறக்கேல்ல அண்ணா.

இப்ப ஐஸுக்கு வருவம். நிறையப் பேர் கேட்டது இத்தன பூவையும் எந்த பிரிஜ்ஜுல வச்சனீ எண்டு. எங்கட வீட்டு பிரிஜ்ஜுல கொஞ்சம் தான் கொள்ளும்! திருக்கடலூர்ல மீன் யாவாரம் செய்யிற மாமா தான் என்ட பிரிஜ். மீன் ஏத்தாத புது ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளா எடுத்து வச்சுத் தருவார், ஐஸும் உடைச்சுத் தருவார். பொம்பிளைட அம்மா முதல் நாள் அந்தப் பெட்டியக் கண்டதும் முகத்தச் சுளிச்சவ, மீன் பெட்டியிலயா மணவறைப் பூ எண்டு, பிறகு மூடியத் திறந்து மணந்து பாத்துட்டுத் தான் சமாதானமானவ. ஐஸ் நேரா பூவுல பட்டா இதழ் கருகிடும், அதால ஐஸ சோடாப் போத்தலுகளுக்குள்ள போட்டு, பேப்பர் சுத்தி, அடியில அடுக்கணும். அந்தப் பேப்பர் சுத்துற வேலைய முழுக்க மாமாட மகன்மார் செய்தவங்க, சோதனை நேரத்துல.

அந்தூரியத்துக்கு மட்டும் இந்த ஐஸ் வைத்தியம் சரிவராது. அது குளிரக் கண்டா கறுத்துப் போற பூ. அத உவர்மலையில இருக்கிற எங்கட ரீச்சர் தன்ட வீட்டுக் கிணத்தடி அறையில ஈரச் சாக்குப் போட்டு வச்சுத் தந்தவ. ரீச்சர் தான் தன்ட ஓர்க்கிட்டையும் வெட்டித் தந்தது. ஓர்க்கிட் வளக்கிற ஆக்களுக்குத் தான் தெரியும் அது எவ்வளவு பெரிய மனசெண்டு, சில ஆக்கள் பூவப் போட்டோ எடுக்கவே விடமாட்டாங்க.

ரீச்சர் இன்னொண்டும் செய்தவ. கலியாண வீட்டுல ஸ்டோர் ரூம்ல பூவ வைக்கச் சொன்னாங்க, நல்ல இருட்டு, நல்ல குளிர்ச்சி, நானும் சரி எண்டு தூக்கப்போக, ரீச்சர் வாசல்லயே நிப்பாட்டிட்டா. உள்ள பாத்தா பந்திக்கு வாழைக்குலை பழுக்க வச்சிருக்கு. பழுக்கிற குலை எதிலீன் எண்டொரு வாயு விடும், கார்னேசனும் ஓர்க்கிட்டும் அதுக்குக் கிட்ட கிடந்தா விடியிறதுக்குள்ள சுருண்டுடும், புகை போட்டுப் பழுக்க வச்சா இன்னும் மோசம் எண்டு அந்த இடத்துலயே ஒரு பாடம் எடுத்தவ. விஞ்ஞான ரீச்சர் பென்சன் எடுத்தாலும் விஞ்ஞான ரீச்சர் தான். அத நிண்டு கேட்டுட்டு, ஒரு வார்த்த மறுத்துக் கதைக்காம சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு அத்தன குலையையும் பின்விறாந்தைக்குத் தூக்கின பொம்பிளைட சித்தப்பாக்கும் நன்றி. கலியாண வீட்டுல கொஞ்சம் வயசான ஒராள் வாய் திறக்காம வேலை செய்யிறது சும்மா விசயமில்ல.

மல்லிகைக்கு வாறன். பொம்பிளைட கொண்டை மாலைய எல்லாரும் சூம் பண்ணிப் பாத்திருக்கீங்க போல, அது எங்க வாங்கின எண்டு கேட்டு எனக்கு வந்த மெசேஜ் தான் கூட. அது வாங்கினதில்ல, சாம்பல்தீவு அம்மாச்சி கட்டினது. பின்னேரம் வெயில் தணிய, விரியிறதுக்கு முதல் மொட்டா ஆஞ்சு வரச் சொல்லுவா, விரிஞ்ச பூவக் கொண்டுபோனா திருப்பி அனுப்பிடுவா. நூல் எடுக்கவே விடமாட்டா, வாழைநார் தான், அதுவும் தண்ணியில ஊறப் போட்டு மயிர் மாதிரி மெல்லிசா கிழிச்சது. நூல் இறுக்க இறுக்கக் காம்ப வெட்டும், நார் ஈரத்தப் பிடிச்சு வச்சு விடியுமட்டும் பூவுக்குத் தண்ணி குடுக்கும். கை பாட்டுக்குக் கட்டும், கண் எங்களுல இருக்கும், வாய் யாரோ ஒராள்ட பழைய கலியாணத்துச் சண்டையச் சொல்லிக்கொண்டிருக்கும், நடுவுல எனக்கு "பிள்ள, அந்த மொட்டு பழுது, எடு" எண்டு சொல்லுவா, எப்படிக் கண்டாவோ தெரியாது. நான் யூடியூப் பாத்து ரோசா வயர் பண்ணப் பழகினனான், மல்லிகை கட்டுறத ஒரு வீடியோவும் எனக்குச் சொல்லித் தரேல்ல. அம்மாச்சி, நீங்க வட்ஸ்அப் பாக்க மாட்டீங்க, உங்கட பேத்தி இத வாசிச்சுக் காட்டட்டும், பொம்பிளை தாலி ஏறின பிறகு முதல் கேட்டது கொண்டை மாலை குலைஞ்சிட்டோ எண்டு தான், குலையேல்ல.

குருத்தோலைத் தோரணம் செய்த ரெண்டு மாமாமாருக்கும் நன்றி. மங்கலத்துக்கு மடிக்கிறது வேற, செத்த வீட்டுக்கு மடிக்கிறது வேற, இப்ப இருக்கிற பெடியள் சிலருக்கு அது தெரியாம எதையோ மடிச்சுத் தொங்கவிடுறாங்க, இத நான் சொல்லித் தான் ஆகணும். அந்த மாமாமார் தான் எனக்கு வாழைக்குத்தியில பூக் குத்தப் பழக்கினது. ஒயாசிஸ், அதான் பூக் குத்துற பச்சை ஸ்பொஞ்ச், விலை ஏறின காலத்துல நான் தலையில கை வச்சுக்கொண்டு நிக்க, வெட்டின வாழைய அப்படியே துண்டு போட்டு, ஈர்க்குல பூவச் செருகிக் குத்தச் சொன்னவங்க. வாழைக்குள்ளயே தண்ணி இருக்கு, முடிஞ்சா மாட்டுக்குப் போகும். ஒயாசிஸ் பிளாஸ்டிக், பிஞ்சு தூளாகி மண்ணுல தான் கிடக்கும். இப்ப எனக்கு அது இல்லாமலே பெரிய சோடினை செய்ய ஏலும், வாழைக்குத்தியும் கோழிக்கூட்டு வலையும் காணும்.

மான் காவல் பெடியளுக்குத் தனியா நன்றி. வெளியூர் ஆக்கள் நம்பமாட்டாங்க, எங்கட டவுன்ல புள்ளிமான் ரோட்டுல நடந்து திரியும், பாக்க வடிவு தான், ஆனா ஹோல் வாசல்ல இரவு பச்சை இலையும் பூவுமா ஒரு ஆர்ச் கட்டி வச்சா அதுகளுக்கு அது பந்தி. ரெண்டு பெடியள் விடியுமட்டும் கதிரை போட்டு இருந்து, தேத்தண்ணி குடிச்சு, கராம் விளையாடிக்கொண்டு விரட்டியிருக்காங்க. ஒரு மான் ஒரு பக்கம் கொஞ்சம் கடிச்சது உண்மை தான், போட்டோவுல தெரியாது, தேடாதீங்க.

இந்தக் கலியாணம் மட்டுமில்ல, முந்தியும் கடன் இருக்கு. மரியாள் பேராலயத்துல ஒரு பிரெண்ட்ட கலியாணத்துக்குப் பூ வைக்கப் போன நேரம், லில்லி விரியக்குள்ளயே மகரந்தப் பைய கிள்ளி எடுத்துடணும், பட்டா வெள்ளைத் துணியில இருந்து கறை போகாது எண்டு சொல்லித் தந்த சிஸ்டருக்கு நன்றி, இண்டைக்கு வரைக்கும் அது உதவுது. கிண்ணியாவுல என்ட கூட்டாளிட வலீமாவுக்கு (கலியாண விருந்துக்கு) முழு ஸ்டேஜ் பூவையும் பட்டா எண்ட சின்ன லொறியில ஏத்தி, அந்த நீளப் பாலத்துல அடிக்கிற காத்துக்கு ஆமை வேகத்துல ஓட்டின டிரைவர் நானாவுக்கும், பின்னால ஹோர்ன் அடிச்ச அத்தன வாகனத்தையும் கை காட்டிச் சமாளிச்ச அவர்ட தம்பிக்கும், விடிய விடிய வேலை செய்தவளுக்கு வட்டிலப்பம் குடுத்து அனுப்பின உம்மாவுக்கும் நன்றி.

ஸ்டாண்ட், வாளி, துணி எல்லாம் வாடகை வாங்காமத் தந்த சோடினைக் கடை அண்ணாக்கும் நன்றி. இந்த இடத்துல ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். இன்பொக்ஸ்ல எவ்வளவு எடுப்பீங்க எண்டு கேக்கிற ஆக்களுக்கு, நான் காசுக்குச் செய்யிறதில்ல, பிரெண்ட்ஸுக்கும் சொந்தத்துக்கும் மட்டும் தான், இது எனக்கு ஆசைக்குச் செய்யிற வேலை. டவுன்ல இதையே தொழிலா வச்சுப் பிழைக்கிற ஆக்கள் இருக்காங்க, அவங்களக் கூப்பிடுங்க, கூப்பிட்டா பேரம் பேசிச் சாகடிக்காதீங்க, பூ வாடினா அவங்கட காசு தான் போகும்.

அம்மா, ஒரு கிழமையா எங்கட வீட்டு பிரிஜ்ஜுல கறிக்கு இடமில்லாம சம்பலும் பாணுமா சமாளிச்சதுக்கு மன்னிப்பும் நன்றியும் ஒண்டா.

அடுத்தது ஐப்பசியில தம்பலகாமத்துல ஒரு குடிபூரல் (புது வீடு குடிபோறது), மழைக் காலம், கச்சான் இல்ல, ஆனா மல்லிகை மழைக்கு அழுகும், அதால தாமரையில செய்யலாமெண்டு இருக்கிறன். இதழ் மடிக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா ஒரு மெசேஜ் போடுங்க, தேத்தண்ணியும் வடையும் என்ட செலவு. மற்றது, என்ட வீட்டுல ஒரு நீல வாளியும் பிடி கழண்ட ஒரு கத்தரிக்கோலும் கிடக்கு, யாருடயதெண்டு தெரியாது, வந்து எடுத்துக்கொண்டு போங்க.