கையெழுத்திட்ட முதல் பதிப்பு என்றால்…

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரிய நூல்களைச் சேகரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்சின் தன்வரலாற்று நூலையும் குறிப்பிட்டு, முதல் பதிப்பில் ஆசிரியரின் கையெழுத்து இருந்தால் அதன் மதிப்பு பன்மடங்காகும் என்கிறது. பொதுவிதியாக இது சரியே. இந்த நூலுக்குப் பொருந்தாது.

ஆடம்ஸ் 1984 ஏப்ரல் 22 அன்று மறைந்தார். மேரி ஸ்ட்ரீட் ஆலிண்டரின் துணையோடு அவர் எழுதிய அந்நூலை லிட்டில், பிரவுன் நிறுவனம் வெளியிட்டதோ 1985இல். ஆகவே, அச்சாகி வந்த பிரதியில் அவர் கையெழுத்திட்டிருக்க வழியே இல்லை. அவர் வேறொரு தாளில் இட்ட கையெழுத்தை யாரேனும் உள்ளே ஒட்டியிருக்கலாம், ஆனால் அதைக் 'கையெழுத்திட்ட பிரதி' என்று விற்பது நேர்மையாகாது. மறைந்த ஆண்டையும் வெளியான ஆண்டையும் ஒப்பிட்டாலே விளங்கிவிடும் இந்த உண்மை, ஆர்வ மிகுதியில் பலர் கண்ணுக்குப் படுவதில்லை.

மேலுறை கிழியாமல் இருக்கிறதா, பதிப்புரிமைப் பக்கம் எந்த அச்சு என்று சொல்கிறது, ஈரக்கறை உண்டா என்பவையே இங்கு விலையைத் தீர்மானிக்க வேண்டும். சக ஒளிப்படக் கலைஞர் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து, படத்தின் ஒளி-நிழல் அளவுகளை முன்கூட்டியே திட்டமிடும் 'மண்டல முறை'யை (Zone System) வகுத்து, அடர்கருமை முதல் தூய வெண்மை வரையிலான ஒவ்வொரு படிநிலைக்கும் கணக்கு வைத்தவரின் படங்களைப் பின்னர் வந்த சிறிய அளவு மறுபதிப்பில் பார்ப்பதைவிட, பெரிய அளவிலான முதல் பதிப்பில் பார்ப்பதே, என் கருத்தில், அதை வாங்குவதற்கான உண்மையான காரணம்.

இத்திருத்தத்தைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நூல் சேகரிக்கும் வாசகர் ஒருவர்