பாப்பாவின் பாடத்துக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. மதுரை என்ற பெயருக்குப் பொருள் என்ன என்று பாப்பாவின் பள்ளியில் கேட்டிருப்பதாகச் சொன்னாய். அதன் பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை மிகுதி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சிவபெருமான் சடையிலிருந்து சிந்திய அமுதத்தால் இனிமை பெற்று மதுரை ஆனது என்கிறது திருவிளையாடல். 'மதுர' என்பது வடசொல். பாலி மொழியில் எழுதப்பட்ட இலங்கையின் மகாவம்சமும், அந்நாட்டின் முதல் அரசன் என்று அது சொல்லும் விஜயனுக்குப் பெண் எடுத்த பாண்டிய நகரை 'மதுரா' என்றே குறிக்கிறது. வைகைக் கரையில் நின்ற மருத மரங்களால் மருதந்துறையாகி, மருதையாகி, மதுரை ஆயிற்று என்பது மற்றொரு கருத்து. உன் அப்பத்தா கடைசிவரை 'மருதைக்குப் போறேன்' என்றுதானே சொன்னார்கள். என் மனமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனாலும் அதையே முடிவாக எழுதிவிடாதே. குதிரையைக் குருதை என்று சொல்லும் நம் ஊர் வாயில் மதுரையும் புரண்டு மருதை ஆகியிருக்கலாம்.

கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகையில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் 'மதிரை' என்று வெட்டியிருக்கிறது. அந்த மதிரை ஊர்ப் பொற்கொல்லன் ஒருவனும், உப்பு வணிகனும், கலப்பைக்கான கொழு விற்றவனும் தங்கள் பெயரை அங்கே பொறித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி நீ வாசித்தபோது, உடன் வந்த வாத்தியார் உன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேச இப்போது நேரமில்லை.

கிரேக்க மொழியில் எழுதிய புவியியலாளர் தாலமி, கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே 'மொதூரா' பாண்டியனின் அரசநகர் என்கிறார். 14ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணி இப்னு பதூதா அரபியில் 'முத்ரா' என்று எழுதினார். வெள்ளைக்காரன் காகிதங்களில் 'மதுரா'. கேட்டவர் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டார்கள். பாப்பா இவை எல்லாவற்றையும் எழுதட்டும். எந்த ஒன்றையும் முடிவாக எழுத வேண்டாம்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் அனுப்ப வேண்டாம். உங்கள் பக்கம் பல கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்று பேப்பரில் போட்டிருந்தான். அதற்காகச் சொல்லவில்லை, பென்சனே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. 'மதிரை' என்பதைத் தமிழியில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு நீயே சொல்லிக்கொடு. திரும்பவும் சொல்கிறேன், மருதந்துறை என்று மட்டும் எழுதி முடித்துவிடாதே. மாடிப் போர்ஷனை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. நீங்கள் மூவரும் எப்போது வந்தாலும், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம்.

இப்படிக்கு,
அப்பா